ஒளிவாள் கைப்பிடி நகலாக்கம்

ஒளிவாள் கைப்பிடி நகலாக்கம் என்பது ஸ்டார் வார்ஸ் திரைப்படங்களில் வரும் ஒளிவாளின் கைப்பிடியைப் போன்ற ஒன்றை, ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் குழாய், ரப்பர் பட்டை, உலோகத் தகடு முதலியவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்யும் கைவினை ஆகும். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் அறிபுனைத் திரைப்பட ஆர்வலர்களிடையே இது பரவலான பொழுதுபோக்காக உள்ளது. திரைப்படத்தில் பயன்பட்ட மூலக் கைப்பிடிகளும் தனியாக வார்த்தோ கடைந்தோ செய்யப்பட்டவை அல்ல. பழைய கேமரா உதிரிகள், கணிப்பான் துண்டு, குளியலறைக் குழாய்த் திருகு போன்ற கைக்குக் கிடைத்த பொருட்களை ஒட்டியே அவை உருவாக்கப்பட்டன. ஆகவே வீட்டில் செய்யப்படும் நகல், மூலப்பொருள் உருவான அதே வழியைப் பின்பற்றுகிறது. மேலும், அரிதாகிவரும் பழைய கேமரா ஃபிளாஷ் விளக்குகள் ஒளிவாளுக்காகப் பிரிக்கப்படுவதையும் இத்தகைய நகல்கள் குறைக்கின்றன.

மூலக் கைப்பிடியின் வரலாறு

ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய முதல் ஸ்டார் வார்ஸ் திரைப்படம் 1977 மே 25 அன்று அமெரிக்காவில் வெளியானது. அதன் அரங்கக் காட்சிகள் 1976ஆம் ஆண்டு இலண்டனை அடுத்த எல்ஸ்ட்ரீ படப்பிடிப்புத் தளத்தில் எடுக்கப்பட்டன. அரங்கப் பொருட்களுக்கு ஒதுக்கப்பட்ட பணம் மிகக் குறைவு. அரங்க அலங்காரப் பொறுப்பை ஏற்றிருந்த ரோஜர் கிறிஸ்டியன், புதிதாகச் செய்வதைவிட விமான உடைசல்கள், பழைய கருவிகள், துப்பாக்கி வாடகை நிறுவனங்களின் இருப்பு ஆகியவற்றிலிருந்து பொருட்களை எடுத்து மாற்றியமைக்கும் முறையைக் கையாண்டார். இதனால் செலவு குறைந்தது. திரையில் தோன்றிய உலகமும் பல காலம் புழங்கித் தேய்ந்த உண்மையான உலகம் போலக் காட்சியளித்தது. இப்படத்தின் கலை இயக்கத்திற்காக ஜான் பேரி, நார்மன் ரெனால்ட்ஸ், லெஸ்லி டில்லி, ரோஜர் கிறிஸ்டியன் ஆகியோர் 1978ஆம் ஆண்டு வழங்கப்பட்ட ஆஸ்கார் விருதைப் பெற்றனர்.

கதைத்தலைவன் லூக் ஸ்கைவாக்கரின் ஒளிவாளுக்கு ஏற்ற பொருளைத் தேடிய கிறிஸ்டியன், இலண்டனின் கேமராக் கடை ஒன்றில் பழைய கிராஃப்ளெக்ஸ் ஃபிளாஷ் கைப்பிடிகளைக் கண்டெடுத்தார். அவற்றின் மீது கருப்பு நிற 'டி' வடிவப் பட்டைகளை ஒட்டினார். நடுவிலுள்ள கவ்வியில், பழைய கணிப்பானின் எண்காட்டியிலிருந்த குமிழ் வடிவ வில்லைப் பட்டையைப் பொருத்தினார். இடுப்புவாரில் தொங்கவிட அடிப்பகுதியில் 'டி' வடிவ வளையம் ஒன்று சேர்க்கப்பட்டது. இவ்வளவே அந்தப் புகழ்பெற்ற கைப்பிடி.

ஏனைய கைப்பிடிகளும் இவ்வாறே உருவாயின. டார்த் வேடரின் ஒளிவாள், எம்.பி.பி. என்ற பிரித்தானிய நிறுவனத்தின் ஃபிளாஷ் கைப்பிடியைக் கொண்டு செய்யப்பட்டது. ஓபி-வான் கெனோபியின் ஒளிவாளில் ரோல்ஸ்-ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சினின் ஒரு குழாய்ப் பகுதி, முதல் உலகப் போர்க்காலப் பிரித்தானியத் துப்பாக்கி எறிகுண்டின் உடற்பகுதி, ஆர்மிட்டேஜ் ஷேங்க்ஸ் நிறுவனத்தின் தண்ணீர்க் குழாய்த் திருகு ஆகியவை இணைந்திருந்தன. இப்பாகங்கள் எவை என்பதைப் பிற்காலத்தில் ஆர்வலர்கள் படச்சட்டங்களையும் புகைப்படங்களையும் ஒப்பிட்டு ஒவ்வொன்றாக அடையாளம் கண்டனர். ஆக, ஹார்டுவேர் கடைப் பொருள் ஒன்று மூல ஒளிவாளிலேயே இடம்பெற்றிருந்தது.

கிராஃப்ளெக்ஸ் ஃபிளாஷ் விளக்கு

கிராஃப்ளெக்ஸ் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள ராச்செஸ்டர் நகரில் இயங்கிய கேமரா நிறுவனம். அதன் ஸ்பீட் கிராஃபிக் கேமரா 1940களிலும் 1950களிலும் அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் அடையாளமாகவே விளங்கியது. கேமராவின் பக்கவாட்டில் நின்ற நீண்ட உலோகக் கைப்பிடிக்குள் மூன்று பெரிய டார்ச் பேட்டரிகள் இருந்தன. மேற்பகுதியில் வட்ட வடிவப் பிரதிபலிப்பானும், ஒருமுறை மட்டுமே எரியும் ஃபிளாஷ் பல்பும் பொருத்தப்பட்டன. கைப்பிடியிலுள்ள சிவப்புப் பொத்தான் மின்சுற்றை இயக்கப் பயன்பட்டது. பிரதிபலிப்பானை நீக்கிவிட்டால் எஞ்சுவதே திரையில் தோன்றிய ஒளிவாளின் அடிப்படை வடிவம்.

கைப்பிடி மேல்குழல், கீழ்க்குழல் என இரு பகுதிகளாக அமைந்தது. இரண்டும் சேரும் இடத்தைச் சுற்றி உலோகக் கவ்வி ஒன்று இறுக்கிப் பிடிக்கும். நகல் செய்வோருக்கு இவ்வமைப்பு வசதியானது. இரண்டு சிறிய குழாய்த் துண்டுகளை இணைத்து, இணைப்பைக் கவ்வியால் மறைத்துவிடலாம்.

அளவுகளைக் கண்டறிதல்

நகலாக்கத்தின் முதல் பணி அளவெடுத்தல். மூலப்பொருள் கையில் இல்லாதபோது, தெரிந்த ஓர் அளவிலிருந்து தெரியாத அளவுகளைக் கணக்கிட வேண்டும். கிராஃப்ளெக்ஸ் கைப்பிடிக்குள் பெரிய டார்ச் பேட்டரிகள் இருந்தன என்பது இதற்கு உதவுகிறது. அத்தகைய பேட்டரியின் விட்டம் ஏறத்தாழ 34 மி.மீ., நீளம் ஏறத்தாழ 61 மி.மீ. மூன்று பேட்டரிகளை வரிசையாக வைத்தால் 183 மி.மீ. ஆகும். எனவே கைப்பிடி இதைவிட நீளமாகவே இருக்க வேண்டும். குழலின் வெளிவிட்டம் ஏறத்தாழ 38 மி.மீ., அதாவது ஒன்றரை அங்குலம்.

வெளிவிட்டம் தெரிந்தபின் மற்ற அளவுகளை விகிதமுறையில் பெறலாம். எடுத்துக்காட்டாக, அச்சிட்ட புகைப்படம் ஒன்றில் குழலின் விட்டம் 19 மி.மீ. ஆகவும் நீளம் 130 மி.மீ. ஆகவும் இருந்தால், உண்மை நீளம் 38 × 130 ÷ 19 = 260 மி.மீ. ஆகும். அதே படத்தில் விட்டத்தைத் தவறுதலாக 18 மி.மீ. என அளந்துவிட்டால் விடை 274 மி.மீ. என வரும். ஒரு மில்லிமீட்டர் பிழை 14 மில்லிமீட்டர் பிழையாகப் பெருகிவிடுகிறது. படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கி அச்சிட்டு அளந்தால், அதே ஒரு மில்லிமீட்டர் பிழையின் விளைவு ஐந்து மில்லிமீட்டர் அளவிற்குக் குறைந்துவிடும். சிறிய படத்தில் அளக்காமல் பெரிய படத்தில் அளக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

படம் எடுக்கப்பட்ட கோணமும் முக்கியம். கேமராவுக்கு அருகிலுள்ள முனை பெரிதாகவும் தொலைவிலுள்ள முனை சிறிதாகவும் தெரியும். ஆகவே பக்கவாட்டில் நேராக, சற்றுத் தொலைவிலிருந்து எடுக்கப்பட்ட படங்களையே அளவெடுக்கப் பயன்படுத்த வேண்டும்.

குழாயைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாகச் செய்வோர் பெரும்பாலும் தவறுவது குழாய் வாங்கும் இடத்தில்தான். அமெரிக்காவில் 'ஒன்றரை அங்குலம்' என விற்கப்படும் பிவிசி நீர்க்குழாயின் வெளிவிட்டம் ஒன்றரை அங்குலம் அன்று, அது 48.3 மி.மீ. ஆகும். 'ஒன்றேகால் அங்குலக்' குழாயின் வெளிவிட்டம் 42.2 மி.மீ.; 'ஓர் அங்குலக்' குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. குழாய் வணிகத்தில் சொல்லப்படும் அங்குலம் ஒரு பெயரளவு மட்டுமே என்பதே காரணம்.

ஆனால் கைகழுவும் தொட்டிக்கும் பாத்திரம் கழுவும் சிங்கிற்கும் அடியில் பொருத்தப்படும் கழிவுநீர்க் குழல்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்றரை அங்குலம் என்றால் வெளிவிட்டமே ஒன்றரை அங்குலம். குரோமியப் பூச்சிட்ட பித்தளையில் செய்யப்பட்ட இக்குழல் ஏறத்தாழ கிராஃப்ளெக்ஸ் கைப்பிடியின் பருமனும் பளபளப்பும் கொண்டது. அதனால்தான் அமெரிக்க ஆர்வலர்கள் குழாய்ப் பொருட்கள் பகுதியில் முதலில் தேடுவது சிங்க் குழலை. இந்தியாவில் ஐ.எஸ். 4985 தரப் பிவிசி குழாய்கள் வெளிவிட்டத்தாலேயே பெயரிடப்படுகின்றன. எனவே 40 மி.மீ. குழாயின் வெளிவிட்டம் 40 மி.மீ. ஆகவே இருக்கும், இதுவும் தேவையான அளவிற்கு நெருக்கமானதே. எந்தக் குழாயானாலும் பெயரை நம்பாமல் வெர்னியர் அளவியால் அளந்து வாங்குவதே பாதுகாப்பானது.

மாற்றுப் பொருட்கள்

மூலக் கைப்பிடியின் ஒவ்வொரு பாகத்திற்கும் பொதுவாகப் பின்வரும் பொருட்கள் பயன்படுத்தப்படுகின்றன.

குழல்: குரோமியப் பூச்சிட்ட சிங்க் கழிவுக்குழல் அல்லது வண்ணம் பூசிய பிவிசி குழாய்.

பிடிப்பட்டைகள்: கதவு இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை அல்லது கார் வைப்பரின் ரப்பர்.

கவ்வி: வளைத்த அலுமினியப் பட்டை. ஹோஸ் கிளாம்ப் எளிதில் கிடைத்தாலும், அதன் அகலம் மிகக் குறைவு என்பதால் தோற்றம் பொருந்துவதில்லை.

வில்லைப் பட்டை: ஒளி ஊடுருவும் அரைக்கோள வடிவ அக்ரிலிக் மணிகளை வரிசையாக ஒட்டிய துண்டு. 1970களின் கணிப்பான்களில் எண்கள் மிகச் சிறியதாக இருந்ததால் அவற்றைப் பெரிதாக்கிக் காட்டவே இக்குமிழ் வில்லைகள் வைக்கப்பட்டன.

பொத்தான்: சிவப்பு நிற அழுத்துப் பொத்தான் சுவிட்ச்.

அடிமூடி: குழலுக்கு ஏற்ற மூடி அல்லது பெரிய வாஷரும் நட்டும். தொங்கவிடுவதற்குப் பைகளில் பயன்படும் 'டி' வளையம்.

செய்முறை

குழலை வெட்டுமுன், நேரான விளிம்புள்ள தாள் ஒன்றைக் குழலைச் சுற்றி இறுக்கி, விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துமாறு வைத்துக் கோடு போட வேண்டும். இவ்வாறு போட்ட கோடு குழலின் அச்சுக்குச் செங்குத்தாக அமையும். சிங்க் குழலின் சுவர் மெல்லியது. பட்டறைக் கவ்வியில் நேரடியாக இறுக்கினால் நசுங்கிவிடும். உள்ளே பொருந்தும் மரத்தண்டைச் செருகிய பின்னரே இறுக்க வேண்டும். ஹேக்சாவில் நுண்பற்கள் கொண்ட பிளேடைப் பொருத்தி, குழலைச் சிறிது சிறிதாகச் சுழற்றி வெட்டினால் வெட்டு கோணலாகாது. வெட்டிய விளிம்பிலுள்ள பிசிர்களை உள்ளும் வெளியும் அரத்தால் நீக்க வேண்டும்.

இரு துண்டுகளையும் அதே மரத்தண்டால் உள்ளிருந்து இணைக்கலாம். தண்டு தளர்வாக இருந்தால் ஒட்டுநாடாவைச் சுற்றிப் பருமனைக் கூட்டலாம்.

கவ்விக்கான பட்டையின் நீளத்தைக் கணக்கிடும்போது பட்டையின் தடிமனையும் சேர்க்க வேண்டும். குழலின் விட்டம் 38 மி.மீ., பட்டையின் தடிமன் 2 மி.மீ. எனில், பட்டையின் நடுக்கோடு 40 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமையும். அதன் சுற்றளவு 3.14 × 40 = 125.6 மி.மீ. இரு முனைகளிலும் திருகு மாட்டுவதற்கு 15 மி.மீ. வீதம் சேர்த்தால் ஏறத்தாழ 156 மி.மீ. நீளமுள்ள பட்டை தேவைப்படும். வளைத்த உலோகம் விட்டவுடன் சற்று விரிந்துகொள்ளும். ஆகவே 38 மி.மீ. குழலைவிடச் சற்றுச் சிறிய தண்டின் மீது வளைக்க வேண்டும்.

பிடிப்பட்டைகள் சம இடைவெளியில் அமைவதே கைப்பிடியின் தோற்றத்தைத் தீர்மானிக்கிறது. 38 மி.மீ. குழலின் சுற்றளவு 119.4 மி.மீ. ஏழு பட்டைகள் என்றால் ஒவ்வொன்றின் மையத்திற்கும் இடையே ஏறத்தாழ 17 மி.மீ.; ஆறு என்றால் ஏறத்தாழ 20 மி.மீ. அளவுகோலால் ஒவ்வொன்றாகக் குறித்தால் சிறு பிழைகள் சேர்ந்து கடைசி இடைவெளி மாறிவிடும். இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. குழலைச் சரியாக ஒருமுறை சுற்றும் நீளத்தில் தாள் பட்டை ஒன்றை வெட்டி, கோடிட்ட நோட்டுப் பக்கத்தின் மீது சாய்வாக வைக்க வேண்டும். பட்டையின் ஒரு முனை முதல் கோட்டிலும் மறுமுனை எட்டாம் கோட்டிலும் படுமாறு சாய்த்தால், இடையிலுள்ள கோடுகள் பட்டையை ஏழு சம பாகங்களாகப் பிரித்துவிடும். அக்குறிகளைக் குழலுக்கு மாற்றினால் போதும். எந்தக் கணக்கும் தேவையில்லை.

குரோமியப் பரப்பு வழுவழுப்பானது. அதில் பசை நிற்பதில்லை. பட்டை ஒட்டும் இடத்தை மட்டும் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைத்த பின்னரே ஒட்ட வேண்டும். உடனடியாக இறுகும் சூப்பர் பசை காய்ந்தபின் விறைத்துவிடும். கைப்பிடி கீழே விழுந்தால் பட்டை பெயர்ந்து வரும். சிறிது நெகிழ்வுள்ள ரப்பர் பசை இதற்கு ஏற்றது.

பிவிசி குழாயைப் பயன்படுத்துவோர் அதிலுள்ள எழுத்துகளை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, அடிப்பூச்சு பூசி, பின் வெள்ளி நிற வண்ணத்தைப் பல மெல்லிய அடுக்குகளாகத் தெளிக்க வேண்டும். ஒரே தடவையில் தடிப்பாகத் தெளித்தால் வழிந்துவிடும். குரோமியம் போன்ற வண்ணங்களின் மீது பாதுகாப்புப் பூச்சு அடித்தால் பெரும்பாலும் பளபளப்பு மங்கிவிடுகிறது. எனவே முதலில் வீணான துண்டொன்றில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இறுதியாக, நீர்த்த கருப்பு அக்ரிலிக் வண்ணத்தைப் பூசி உடனே துணியால் துடைத்தால், இடுக்குகளில் மட்டும் கருமை தங்கும். பல ஆண்டுகள் புழங்கிய தோற்றம் இதனால் கிடைக்கிறது. கை அதிகம் படும் இடங்கள் தேய்ந்து பளிச்செனவும், படாத இடங்கள் அழுக்கடைந்தும் இருப்பதே இயல்பு. எல்லா இடத்திலும் ஒரே அளவில் அழுக்கைப் பூசினால் செயற்கையாகத் தெரியும்.

ஒளிக்கதிர்

திரைப்படத்தில் கைப்பிடியிலிருந்து ஒளி எதுவும் வெளிவரவில்லை. படப்பிடிப்பின்போது, ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் ஸ்காட்ச்லைட் என்னும் பொருள் போர்த்திய தண்டுகள் மோட்டாரால் சுழற்றப்பட்டன. சாலைக் குறிப்பலகைகள் இரவில் மின்னுவதும் இதே தத்துவத்தில்தான். பின்னர் படச்சட்டங்களின் மீது அசைவூட்ட முறையில் வண்ண ஒளி சேர்க்கப்பட்டது. பென் பர்ட் உருவாக்கிய ரீங்கார ஒலியில், திரைப்பட வீழ்த்தியின் மோட்டார் ஒலியும் தொலைக்காட்சிப் படக்குழாயால் ஏற்பட்ட இரைச்சலும் கலந்துள்ளன.

எனவே காட்சிக்கு வைக்கும் நகலுக்குக் கைப்பிடி மட்டும் போதும். ஒளிரும் கதிரை விரும்புவோர் பாலிகார்பனேட் குழாயையும் எல்.இ.டி. விளக்கையும் பயன்படுத்துகின்றனர். டியூப்லைட் குழாயை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அது மெல்லிய கண்ணாடியாலானது. உடைந்தால் கண்ணாடித் துண்டுகளுடன் பாதரச ஆவியும் வெளிப்படும்.

பாதுகாப்பு

வெட்டும்போதும் தேய்க்கும்போதும் கண் காப்புக் கண்ணாடியும் முகமூடியும் அணிய வேண்டும். பிவிசியை நெருப்பில் காட்டி வளைக்க முயல்வது ஆபத்தானது. அது கருகும்போது ஹைட்ரஜன் குளோரைடு வளிமம் வெளியேறி மூச்சுப்பாதையைப் பாதிக்கும். வண்ணம் தெளிப்பதைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும். சிறுவர்கள் பெரியோர் மேற்பார்வையிலேயே ரம்பத்தைக் கையாள வேண்டும்.

உரிமைச் சிக்கல்கள்

சொந்தப் பயன்பாட்டிற்காக ஒன்றைச் செய்வதும், செய்து விற்பதும் ஒன்றல்ல. இத்துறையில் புகழ்பெற்ற வழக்கு, ஸ்டார் வார்ஸ் படை வீரர் தலைக்கவசம் தொடர்பானது. முதல் படத்திற்குத் தலைக்கவசங்களைத் தயாரித்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் பிற்காலத்தில் அவற்றின் நகல்களை விற்றதை எதிர்த்து லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. 2011 ஜூலையில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், அத்தலைக்கவசம் படத்தில் பயன்பாட்டுப் பொருளே அன்றிச் சிற்பம் அல்ல என்றும், ஆகவே சிற்பத்திற்குரிய காப்புரிமைப் பாதுகாப்பு அதற்கு இல்லை என்றும் தீர்ப்பளித்தது. ஆனால் அமெரிக்கக் காப்புரிமையை மீறியது குறித்த கோரிக்கையை இங்கிலாந்து நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றும் கூறியது. இவ்வாறு ஒரே பொருளின் சட்டநிலை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

பழைய ஃபிளாஷ் விளக்குகளின் நிலை

கிறிஸ்டியன் கடையில் எடுத்தபோது கிராஃப்ளெக்ஸ் கைப்பிடிகள் யாரும் தேடாத பழம்பொருட்கள். ஒளிவாளின் மூலம் அவையே என்பது தெரிந்தபின் நிலை மாறியது. மூன்று பேட்டரிக் கைப்பிடியைத் திரைப்பட ஆர்வலர்கள் தேடி வாங்கத் தொடங்கினர். இன்று அக்கைப்பிடியின் விலை, அது பொருத்தப்பட்ட கேமராவின் விலையையே மிஞ்சுவதுண்டு. வாங்குவோர் பலர் பிரதிபலிப்பானைக் கழற்றி, உள் மின்னமைப்பை நீக்கி, குழலில் துளையிட்டு ஒளிவாளாக மாற்றுகின்றனர். அவ்வாறு மாற்றிய ஃபிளாஷ் விளக்கு மீண்டும் படம் எடுக்க உதவாது. பழைய ஸ்பீட் கிராஃபிக் கேமராவை அதன் காலத்து ஒளியமைப்புடன் பாதுகாக்க விரும்பும் புகைப்படச் சேகரிப்பாளர்களுக்கு இது பெரிய இழப்பு. புதிதாக இனி எந்தக் கிராஃப்ளெக்ஸும் உற்பத்தியாகப் போவதில்லை. துளையிட்ட ஒவ்வொன்றும் எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததுதான்.

சிங்க் குழலில் செய்த நகல் இந்த இழப்பை ஏற்படுத்துவதில்லை. இரண்டடி தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு பெரும்பாலும் தெரியாது. ஆனால் நகல் எவ்வளவு சிறப்பாக அமைகிறதோ, அவ்வளவுக்கு அது மூலப்பொருள் எனத் தவறாகக் கைமாறும் வாய்ப்பும் உண்டு. எனவே செய்பவர் குழலின் உட்புறத்தில் அது நகல் என்பதையும் செய்த ஆண்டையும் அழியாத மையில் எழுதிவைப்பது நல்ல வழக்கம். அடிமூடியைக் கழற்றிப் பார்க்கும் எவரும் கையிலிருப்பது ராச்செஸ்டரில் செய்யப்பட்ட ஃபிளாஷ் விளக்கா, சிங்கின் அடியில் இருந்திருக்க வேண்டிய குழலா என்பதை அதைக்கொண்டு அறிந்துகொள்ளலாம்.